எண்பது

கடன் வாங்கிய திசைகாட்டி,
மாமனார் கொடுத்த கோவேறு கழுதை,
இருபத்துமூன்று வயது.
அஸாரியா வெல்டனுக்குச் சொந்தமாக இருந்தது
கையெழுத்து ஒன்றுதான்.
நல்ல கையெழுத்து.
மைலுக்கு இரண்டே முக்கால் டாலர் என்று
நில அலுவலகத்தில் அவர் ஒப்பமிட்டபோது
பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்
நான், கோர்மக் டெவின்,
பின்சங்கிலிக்காரன்.
எழுதத் தெரியாது. எண்ணத் தெரியும்.

சங்கிலி அறுபத்தாறு அடி, நூறு கண்ணி.
முன்னால் போகிறவன் ஊசி குத்துவான்,
பின்னால் வருகிறவன் பிடுங்கிச் சேர்ப்பான்.
எண்பது சங்கிலி ஒரு மைல்.
எண்ணிக்கையில் பொய் சொல்லமாட்டேன் என்று
வேதப்புத்தகத்தில் கைவைத்த பிறகுதான்
எனக்குச் சாப்பாடு போட்டார்கள்.

செப்டம்பரில் ஓர் ஏரி.
தண்ணீருக்குள்ளிருந்து நெல்,
யாரும் விதைக்காத நெல், ஆளுயரம்.
ஓஜிப்வே பெண்கள் ஓடத்தில் இருந்தபடியே
கதிரை வளைத்துக் குச்சியால் தட்டினார்கள்.
ஓடத்துக்குள் மழை பெய்தது.
நோடின் என்பவள் ஒரு கூடை தந்தாள்,
மூன்று நாள் தின்றோம்.
குறிப்பேட்டில் எழுதியதை வெல்டன்
வாய்விட்டுப் படித்தார், வழக்கம்போல:
'சதுப்பு. விளைச்சலுக்கு ஆகாது.'
தாடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

டிசம்பரில் என் விரல்கள் எனக்குக் கேட்பதில்லை.
பதினேழாம் மைல் முடியும் இடம்,
ஓக் மரத்தைச் செதுக்கிச் சாட்சியாக்கும் இடம்.
என் கையில் ஊசி பத்து.
பதினொன்று இருக்கவேண்டும்.
ஒன்று பனியில் விழுந்திருக்கிறது,
அல்லது நான் ஒரு சங்கிலியை
எண்ணாமல் நடந்திருக்கிறேன்.
திரும்பிப்போய் அளக்க ஒரு நாள்.
மாவு இரண்டு நாளைக்கு.

வெல்டன் என்னைப் பார்க்கவில்லை.
ஒற்றைக் கோல்மேல் முள் நடுங்கி நிற்பதையே
பார்த்துக்கொண்டிருந்தார்.
'எத்தனை, டெவின்?'
நான் வாய் திறக்கவில்லை.
'எண்பதுதானே?' என்றார்,
ரொட்டி தருகிறவன் குரலில்.
எண்பது, என்றேன்.
சாட்சி மரத்தில் கோடரி விழுந்தது.
அவர் அரசியலுக்கு வந்த நாள் எது என்று
ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள்.
எனக்கு அந்த நாள்.

ஏழு வருஷம் கழித்து
ஃபார்னமும் தோர்கில்சனும் துப்பாக்கியோடு நின்றார்கள்.
இருவர் வேலிக்கும் நடுவே
அறுபத்தாறு அடி அகலம், ஒரு மைல் நீளம்.
எட்டு ஏக்கர், எந்தத் தாளிலும் இல்லாதது.
வெல்டனை அழைத்தார்கள்,
அளந்தவருக்குத் தெரியாதா என்று.
வந்தார். வேலிக்கம்பத்தில் ஏறினார்.
'அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளவா
இந்த மண்? இது உங்கள் பிள்ளைகளுக்கு.
இங்கே ஒரு பள்ளிக்கூடம் வரட்டும்' என்றார்.
தொப்பிகள் பறந்தன.
தோர்கில்சன் அழுதான்.
எட்டு ஏக்கர் எங்கிருந்து முளைத்தது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
பனிக்குள் எங்கோ துருப்பிடிக்கும் ஊசியை நினைத்து
நானும் தொப்பியை எறிந்தேன்.
நல்ல பேச்சு, அது.

அந்த இலையுதிர்காலத்தில் தேர்தல்.
கொல்லன் பட்டறையில் மேசை போட்டிருந்தார்கள்.
அப்போது சீட்டு கிடையாது,
வாக்கு என்றால் வாயால் சொல்வது,
எல்லோர் காதிலும் விழ.
நோடினின் ஆட்கள் மூன்றுபேர்
உரோமத் தோல் விற்க வந்து
வாசலுக்கு வெளியே நின்றார்கள்.
அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.
அவர்கள் ஏரி அப்போது இருபதாம் பிரிவு,
மரம் அறுப்பவன் ஒருவன் வாங்கி
வாய்க்காலை அடைத்துவிட்டிருந்தான்.

'கோர்மக் டெவின். யாருக்கு?'
வெல்டன் துருத்தியருகே நின்றார்.
என்னைப் பார்க்கவில்லை,
அன்று போலவே.
எண்பது, என்றது என் வாய்.

பட்டறை சிரித்தது.
குடித்திருக்கிறான் என்றான் ஃபார்னம்.
அவர் ஒருவர் சிரிக்கவில்லை.
எழுத்தன் மறுபடி கேட்டான்.

பெயரைச் சொன்னேன்.
நாற்பத்தொன்று என்று
கோடு கிழித்துக்கொண்டான்.